மூன்று சட்டிக் கூழ்

பட்டியை அடைத்துவிட்டு வந்ததும் செவெல்மா முதலில் அடுப்பில் ஏற்றுவது நாய்களின் கூழைத்தான். மனிதர்களின் சட்டி அதற்குப் பிறகு. இதில் அவள் புருஷன் தம்தினுக்கு ஒரு மனத்தாங்கல் எப்போதும் உண்டு. நாள் முழுக்கப் பனிக்காற்றில் மந்தைக்குப் பின்னால் அலைந்துவிட்டு, குனிந்து கூடாரத்துக்குள் நுழைகிறவனின் மூக்கில் முதலில் ஏறுவது தவிடும் எலும்பும் சேர்ந்து வேகிற வாசம். “நானும் நாலு கால்ல நடந்து வந்தா எனக்கும் சீக்கிரம் கெடைக்குமோ என்னமோ” என்பான். வந்து பாருங்கள், சட்டி ஒன்று சும்மாதான் கிடக்கிறது என்று செவெல்மா அகப்பையை நிறுத்தாமலே பதில் சொல்லுவாள்.

அந்த வீட்டில் மூன்று நாய்கள். மூத்தவன் பஸார். செவெல்மா தன் அண்ணன் வீட்டிலிருந்து மேலங்கியின் மார்புக்குள் வைத்து, ஒரு பகல் முழுக்கக் குதிரையில் கொண்டுவந்த குட்டி. இப்போது பதினோரு வயது. கரடி மாதிரி உடம்பு, ஆனால் வாயைத் திறந்தால் ஈறுதான். அடுத்தவள் காலியுன், செம்பட்டை நிறப் பொட்டை. மூன்றாவது அவர்கள் இருவருக்கும் பிறந்த கூங்கர். கண்ணுக்கு மேலே மஞ்சள் பொட்டு வைத்த கருப்பன். நாலு கண்ணன் என்பார்கள் அப்படிப்பட்ட நாயை. ஓநாய்க்கு அவன்தான் பதில். தம்தினுக்கு அவன்மேல் உயிர்.

மூன்றுக்கும் மூன்று இடத்தில் சட்டி. இந்த ஏற்பாடு ஒரு சண்டையில் பிறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூங்கர் ஆளாகிவந்த இலையுதிர் காலத்தில், வழக்கம்போல ஒரே இடத்தில் கூழை ஊற்றியபோது மகன் அப்பன் காதைக் கிழித்தான். விலக்கப் போன செவெல்மாவின் மணிக்கட்டில் யாருடைய பல்லோ இறங்கியது. யாருடையது என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. புண் ஆறியபிறகு சட்டிகளைப் பிரித்துவிட்டாள்.

பஸாருக்கு முதலில். காய்ந்த சாணி அடுக்கியிருக்கும் குவியலுக்குப் பின்னால், காற்றுப் படாத இடத்தில். அவனுக்கு மட்டும் மரச்சட்டி. கடுங்குளிரில் இரும்புச் சட்டியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கிழவனுக்குப் பிய்த்தெடுக்கத் தெம்பில்லை. கட்டி தட்டாமல் கையால் மசித்துவிட்டு வைப்பாள். வேகவைத்த நுரையீரலோ குடலோ இருந்தால் நகக்கண் அளவுக்கு அரிந்து போடுவாள். அடுத்தது காலியுனுக்கு, வண்டிச் சக்கரத்தின் ஓரம். அவள் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியைப் புதைக்கிற ரகம். கூங்கர் கடைசி. கம்பத்தில் கட்டிவைத்து, பழைய கார் டயரைப் பாதியாக அறுத்த தொட்டியில் ஊற்றுவாள். மூன்று மூச்சில் முடித்துவிடுவான். முடித்ததும் அப்பன் இருக்கிற திசையைப் பார்த்து முனகுவான். பஸார் நக்கி நக்கிச் சாப்பிட்டு முடிகிறவரை செவெல்மா சாணி வாரும் முள்கரண்டியை ஊன்றிக்கொண்டு நடுவில் நிற்பாள். எச்சில் துப்பினால் தரையில் கல்லாக விழுகிற குளிரிலும் நிற்பாள். பிறகுதான் கூங்கரின் கயிறு அவிழும்.

மலைமுதுகுக்கு அந்தப் பக்கம் தனிக்கட்டையாகக் கூடாரம் போட்டிருந்த ஷக்தர் கிழவர் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். பெண்டாட்டி செத்து ஏழு வருஷமான மனுஷன். “நாயைப் பிடிங்கப்பா” என்று, அந்த நாட்டில் விருந்தாளிகள் எல்லாரும் கொடுக்கிற வாசல் குரலைக் கொடுத்துக்கொண்டு வருவார்; உள்ளே வந்ததும், இந்த வீட்டில் நாய்க்குப் பந்தி வைக்கிறார்கள், மனுஷன் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது என்பார். போகும்போது அவருடைய நாய்க்கும் ஒரு கை எலும்பு கட்டிக்கொடுப்பாள் செவெல்மா.

அந்த வருஷம் கோடையில் மழை இல்லை. புல் கணுக்கால் வரைகூட எழவில்லை. ஆடுகள் முதுகெலும்பு தெரியவே குளிர்காலப் பட்டிக்கு வந்து சேர்ந்தன. முதல் பனி ஒரு மாதம் முந்திக்கொண்டது. பனி விழுந்தால் பரவாயில்லை, ஆடு காலால் கிண்டி அடியில் உள்ளதைத் தின்னும். தையில் இரண்டு நாள் இளவெயில் அடித்தது. மேல்பனி இளகியது. மூன்றாம் நாள் வடக்கிலிருந்து காற்று திரும்பி, இளகியது அத்தனையும் ஒரே தகடாக இறுகிப்போனது. பூமிக்கு இரும்பு மூடி போட்ட மாதிரி. இதை அந்த நாட்டில் ஸுத் என்பார்கள். அந்தப் பேரை வீட்டுக்குள் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

வெள்ளாடுகள் முதலில் விழுந்தன. அப்புறம் மாடு. அப்புறம் செம்மறிகள், நின்றபடியே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடியே. காலையில் பட்டிக்குள் போனால் எழுந்திருக்கிறது எது, எழாதது எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எழாததைக் கயிறு கட்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே ஒரு குவியல் சேர்ந்தது. தம்தின் முதல் வாரம் எண்ணினான். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டான். தூக்கிவிட்டால் நிற்கிற ஆடுகளைத் தூக்கிவிட்டார்கள். நிற்கவைத்த ஆடு மேயப் போகாமல் பக்கத்து ஆட்டின் ரோமத்தைப் பிடுங்கித் தின்றது.

ஸுத்தில் கொழுக்கிறவர்கள் மூன்று பேர், ஓநாய், காக்கை, நாய் என்று ஒரு பேச்சு உண்டு. குவியல் சேரத் தொடங்கியதும் கூங்கரும் காலியுனும் சாயங்காலச் சட்டிக்கு அவசரப்படுவதில்லை. கூழை ஊற்றினால் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவைப்போம் என்பதுபோலச் சாப்பிட்டார்கள். செவெல்மா விடவில்லை. கொடுக்கிற நேரத்தில் கொடுத்தாள், நடுவில் முள்கரண்டியோடு நின்றாள்.

மாசி பாதியில் தவிடு மூட்டை தீர்ந்தது. மனிதர்களின் மாவிலிருந்து ஒரு கை எடுத்துக் கூழ் காய்ச்ச ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் தம்தின் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தான்.

“இன்னிக்கும் கூழா?”

“ஆமா.”

“வெளிய மலையாட்டம் கறி கெடக்கு. ரெண்டும் வயித்த எப்படி வளத்து வச்சிருக்கு பாத்தியா?”

“அதுவா எடுத்துத் திங்கறது வேற, நாம குடுத்துத் திங்கறது வேற. கைய எதிர்பாத்து நிக்கற வரைக்கும்தான் அது நம்ம நாயி.”

“சரி. நான் ஒண்ணும் சொல்லல. மூட்டையத் தூக்கிப் பாத்தேன். ஊர் மையத்துக்குப் போற பாதை எப்ப தொறக்கும்னு தெரியாது. பள்ளிக்கூட விடுதிலேருந்து பொண்ணு லீவுக்கு வந்தாலும் அதத்தான் கரைச்சுக் குடுக்கணும்.” சாணித் துண்டு ஒன்றை நெருப்புக்குள் தள்ளினான். “நீயே சொல்லு. வேணும்னு சொன்னா காய்ச்சு.”

அதட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு அதட்டியிருப்பாள். அவன் அதட்டவில்லை. மாவுப் பையின் வாயை முறுக்கிக் கட்டி மேலே தூக்கி வைத்தாள். அன்றோடு கூழ் நின்றது.

பஸாரை மட்டும் அவளால் விடமுடியவில்லை. குவியலில் கிடப்பதெல்லாம் உறைந்து கல்லாகிவிட்ட உடம்புகள். கோடரியால் கொத்தினால் தீப்பொறி பறக்கும் போலிருக்கும். ஒரு தொடையைக் கொத்தியெடுத்து வந்து, அவனுக்காகத் தனியாக வேகவைத்தாள். பட்டினியில் செத்த ஆட்டின் கறி நார். மூன்று மணி நேரம் வெந்தாலும் நார்தான். ஒரு கூடை சாணி எரிந்து தீர்ந்தது. மூன்று நாள் அப்படிச் செய்தாள். நான்காம் நாள் இரண்டு ஆடுகள் காலமல்லாத காலத்தில் குட்டி போட்டன. குட்டிகளைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து அடுப்போரம் கம்பளியில் சுற்றி வைத்தார்கள். சாணிக் குவியல் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. குட்டிகளுக்குச் சூடு வேண்டும். கறி வேகவைப்பதை அவளே நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மற்ற இரண்டும் மேட்டுப் பக்கம் போகும்போது பஸாரும் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு போவதைப் பார்த்தாள். திரும்பி வரும்போது வாயை நக்கிக்கொண்டு வந்தான். தின்றுவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. சாயங்காலம், கூழ் ஊற்றுகிற நேரத்தில், சாணிக் குவியலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து கூடாரக் கதவையே பார்ப்பான். அவள் அந்த நேரத்தில் வெளியே போகாமல் இருக்க ஏதாவது வேலை வைத்துக்கொண்டாள். எட்டு நாள் இப்படிப் போனது.

ஒன்பதாம் நாள் காலை பட்டிக்குள்ளிருந்து தம்தின் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அந்தக் குரலிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

கல்சுவரின் ஓரம், சினையாடுகளுக்கென்று தனியாக மறித்த இடம். ஏழு ஆடுகளை அங்கே வைத்து, கையிருப்பு வைக்கோலை அவற்றுக்கு மட்டும் பிடி பிடியாகக் கொடுத்துக் காப்பாற்றி வந்தார்கள். அந்த நாட்டுச் செம்மறிக்குக் கொழுப்புச் சேருகிற இடம் வால்; மந்தையில் வாலில் கொஞ்சமாவது கொழுப்பு மிஞ்சியிருந்தவை அந்த ஏழுதான். அதில் ஒன்று படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது, கண் திறந்திருந்தது, அசைபோடுவதுபோலத் தாடை நகர்ந்தது. பின்பக்கம் வால் பாதி இல்லை. கடித்துப் பிய்த்ததுபோல இல்லாமல், சப்பித் தேய்த்துக் கரைத்து எடுத்ததுபோல இருந்தது. சுற்றிலும் பனி சிவந்து உறைந்திருந்தது. தம்தின் கையுறையைக் கழற்றி ஆட்டின் அடிவயிற்றில் கை வைத்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

“உள்ள அசையுது” என்றான்.

இன்னும் பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிறக்கவேண்டியது. ஒன்றும் செய்வதற்கில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். செவெல்மா ஆட்டின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஓநாய்த் தடம் ஒன்றுகூட இல்லை. நாய்த் தடம் எங்கும் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். ஓநாய் ஆட்டைத் தின்றால் அது ஓநாயின் தொழில். வீட்டு நாய் உயிருள்ள ஆட்டில் வாய் வைத்துவிட்டால் அந்த நாய்க்கு அடுத்த சாயங்காலம் கிடையாது. அது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. தம்தின் கம்பத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். கூங்கர் எழுந்து நின்று வாலை ஆட்டினான். மூக்கிலும் முன்மார்பு ரோமத்திலும் இரத்தம் உறைந்திருந்தது. குவியலில் தின்றதாகவும் இருக்கலாம். ஆனால் தம்தினின் முகம் அங்கேயே முடிவு செய்துவிட்டது.

தன் வீட்டு நாயைத் தானே கொல்வதில்லை. மதியத்துக்கு முன்னால் குதிரையேறிப் போய் ஷக்தரைக் கூட்டிவந்தான். கிழவர் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். வாசலில் “நாயைப் பிடிங்க” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே வந்தார். உப்புத் தேநீரைக் குடித்துவிட்டு எது என்று கேட்டார். கூங்கர் என்றான் தம்தின். அவன் வளர்த்த நாய்.

செவெல்மா ஒரு காரியம் கேட்டாள். மூன்றுக்கும் ஒரு தடவை கூழ் காய்ச்சி ஊற்றிப் பார்த்துவிடலாம். ராத்திரி அவ்வளவு கொழுப்புத் தின்ற வயிறு இன்றைக்குச் சட்டியைத் தொடாது.

“அவன் ஒரு மாட்டத் தின்னுட்டுக்கூட கூழு குடிப்பான்” என்றான் தம்தின்.

“குடிக்கட்டும். குடிக்காதவங்க யாருன்னு பாப்போம்.”

“காலியுனச் சொல்றியா?”

“யாரையும் சொல்லல. கண்ணால பாக்காம ஒரு உசுர எடுக்க வேணாம்னு சொல்றேன்.”

அவள் மனசுக்குள் காலியுனைத்தான் நினைத்திருந்தாள். ஷக்தரின் நாயாகக்கூட இருக்கலாம், அது அடிக்கடி மலைமுதுகைத் தாண்டி வரும். எதுவாக இருந்தாலும் கூங்கர் போய்விட்டால் ஓநாய்க்கு யார் நிற்பது என்பது ஒரு கவலை. ஷக்தர் தம்தினைப் பார்த்து, காய்ச்சட்டும், பொழுது இருக்கிறது என்றார்.

மாவுப் பையை இறக்கினாள். கையளவு மாவைக் கரைத்து, அறுத்த ஆட்டின் எலும்பைப் போட்டுக் கூழ் காய்ச்சினாள். பதினோரு நாளாகக் கேட்காத அகப்பைச் சத்தம் வெளியே கேட்டிருக்கவேண்டும். கதவைத் திறந்தபோது மூன்றும் அதனதன் இடத்தில் போய் நின்றிருந்தன.

முதலில் பஸார். மரச்சட்டியில் ஊற்றி, கட்டி உடைத்து, விரல் வைத்துச் சூடு பார்த்து வைத்தாள். அவன் வாலை ஆட்டினான். சட்டியில் மூக்கை வைத்தான். அவள் கையை ஒரு தடவை நக்கினான், கூழை ஒரு தடவை நக்கினான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சாப்பிடு” என்றாள். அவன் அவளைப் பார்த்தான். கடமைக்கு இன்னொரு தடவை நாக்கை நனைத்தான். பிறகு மெல்ல எழுந்து நாலடி தள்ளிப் போய், உடம்பு குலுங்க, பனியில் வாந்தி எடுத்தான். மஞ்சள் கொழுப்பு. அதில் சுருள் சுருளாக வெள்ளை ரோமம்.

எட்டு நாள் பட்டினி கிடந்த நாய் அது.

செவெல்மாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பட்டிக்குள் ஆடுகளோடு ஆடாகப் படுக்கிறவன் அவன்தான். அவன் பக்கத்தில் வந்தால் எந்த ஆடும் மிரளாது. அதனால்தான் சத்தமே எழவில்லை. குவியலில் கிடப்பதை அவன் எப்படித் தின்பான். கல்லை நக்கிவிட்டுத்தான் தினமும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறான். இந்த உலகத்தில் அவன் ஈறுக்கு மெத்தென்று இருந்தது அந்தச் சினையாட்டின் வால் மட்டும்தான்.

சாணிக் குவியல் மறைத்துக்கொண்டிருந்தது. ஆண்கள் இருவரும் கம்பத்துப் பக்கம் நின்றார்கள். அவள் பூட்ஸ் காலால் பனியை இழுத்து அந்த வாந்தியை மூடினாள். நன்றாக மிதித்துவிட்டாள். மரச்சட்டிக் கூழை எடுத்துக் காலியுனின் சட்டியில் சேர்த்து ஊற்றினாள். காலியுன் முழுவதும் தின்றாள். கூங்கர் மூன்று மூச்சில் டயரைக் காலிசெய்துவிட்டு முனகினான்.

“மூணும் தின்னுடுச்சு” என்றான் தம்தின். “அப்போ பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.” கூங்கரின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். கூங்கர் வழக்கம்போல அவன் கையுறையைக் கவ்வி விளையாடினான். தம்தின் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தான். ஷக்தர் துப்பாக்கியின் கம்பளியைப் பிரித்தார்.

செவெல்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பேசாமல் இருந்தால் பேசாமலே போய்விடும். கிழட்டுப் பஸார் எப்படியும் கோடைவரை தாங்கமாட்டான், தானாகவே போய்விடுவான். இன்றைக்கு ராத்திரி அவனைக் கட்டிவைத்து, ரகசியமாக ஊட்டிவிடலாம். இதெல்லாம் ஒரு நொடியில் அவள் யோசித்ததுதான். யோசிக்கவில்லை என்று அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை.

தம்தின் பத்தடி நடந்துவிட்டான். கூங்கர் அவனுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனான், எங்கோ வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று.

“அவன் இல்ல” என்றாள்.

தம்தின் நின்றான்.

“கூங்கர் இல்ல. பஸாரு.”

“பஸாரா? அந்தக் கெழத்துக்குப் பல்லே இல்லையே.”

“பல்லு இல்லாததாலதான். செத்ததெல்லாம் கல்லு. உசுரோட இருக்கறதுதான் அவனுக்குக் கடிபடும்.”

காற்று மட்டும் கூடாரக் கயிறுகளில் இழுத்துக்கொண்டிருந்தது.

“அந்தக் குவியலுக்குப் பின்னால போய்ப் பாருங்க. வாந்தியெடுத்தான். நான்தான் மிதிச்சு மூடினேன். அவன் பங்கத் தூக்கிக் காலியுனுக்கு ஊத்தினதும் நான்தான்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “எட்டு நாளா அந்த எடத்துல வந்து உக்காந்து பாத்தான். நான் வெளியவே வரல.”

தம்தின் போய்ப் பார்த்தான். காலால் கிளறிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். அவன் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, கூங்கரை மறுபடி கம்பத்தில் கட்டினான். கட்டுகிறபோது சொன்னான்:

“மாவத் தூக்கி வெக்கச் சொன்னது நான்.”

“கறிய நிறுத்தினது நானு.”



உள்ளே வந்து உட்கார்ந்தபோது, கட்டிவைத்துச் சோறு போட்டால் என்ன என்று அவள் ஷக்தரைக் கேட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள். கிழவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“எங்கிட்டயும் ஒண்ணு இப்படி ஆச்சு தங்கச்சி. கட்டி வச்சேன். எம் பொண்டாட்டி இருந்த சமயம். வேளாவேளைக்குக் குடுத்தா. பத்து நாள் நல்லாத்தான் இருந்துச்சு. பதினோராம் நாள் கயித்தக் கடிச்சுட்டுப் போயி மூணு குட்டி. ருசி கண்டுட்டா அதுக்கே அத அடக்கத் தெரியாது. அது தப்புன்னு நான் சொல்லல. உனக்கு ஆறு ஆடு குட்டி போட நிக்குது.”

“இன்னிக்கு வேணாம் அண்ணே. பசியோட போக வேணாம்.”

“நாளைக்கு வெயில் ஏறினதும் வரேன்” என்றார் ஷக்தர். போகும்போது, துப்பாக்கியை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று தம்தினிடம் கேட்டார், வந்து வந்து தூக்க வேண்டாமே என்று. தம்தின் வேண்டாம் என்றான்.

அன்று பஸாரைக் கதவோரத்தில் கட்டினாள். காலையில் அறுத்த ஆட்டின் ஈரலைக் கொதிக்கவைத்து, நகக்கண் அளவுக்கு அரிந்தாள். மாவை அளக்கவில்லை. கூழ் அகப்பையில் நின்றது. தம்தின் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய் இன்னொரு கூடை சாணி எடுத்துவந்து அடுப்பருகில் வைத்தான்.

ராத்திரிக் கொழுப்பெல்லாம் போய், பஸாருக்கு நல்ல பசி வந்திருந்தது. சட்டி முழுவதையும் தின்றான். தின்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கூங்கர் கம்பத்தில் முனகினான். காலியுன் வண்டியடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவெல்மா நடுவில் நின்றாள். மரச்சட்டியின் அடி தெரிகிறவரை நக்கிவிட்டு, அது நகராமல் முன்னங்காலால் பிடித்துக்கொண்டு ஓரத்தையும் நக்கினான்.

ஷக்தர் வெயில் ஏறி வந்தார். நாயின் வாயில் வைக்கக் கொஞ்சம் வெண்ணெய் எடுத்துக்கொள் என்றார் செவெல்மாவிடம். போகிற நாய் வெறும் வாயோடு போகக்கூடாது. வெண்ணெய்ப் பை இலையுதிர் காலத்திலேயே தீர்ந்துவிட்டது. அவள் உள்ளே போய், நேற்று அறுத்த ஆட்டின் மிச்சமிருந்த வாலிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்து எடுத்துவந்தாள். கிழவர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார்.

“இதுவா?”

“இந்த வீட்ல வேற கொழுப்பு இல்ல அண்ணே.”

அவர் தலையை ஆட்டினார். தம்தின் வரவில்லை. ஆடுகளைத் தூக்கிவிடும் வேலை இருக்கிறது என்றான். இருவரும் பஸாரை நடத்திக்கொண்டு கிழக்குச் சரிவில் ஏறினார்கள். மனிதர் நடமாட்டம் இல்லாத உயரம், யாரும் தாண்டிப் போகாத இடம். பஸார் அவள் மேலங்கியின் ஓரத்தை உரசிக்கொண்டே நடந்தான். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். அவளும் நின்றாள். மேலே போனதும் ஷக்தர் அவளைப் பாறைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். போனாள். சத்தம் ஒன்றுதான் கேட்டது. கீழே கூங்கர் குரைக்க ஆரம்பித்தான்.

அவள் திரும்பி வந்தபோது கிழவர் வழக்கப்படி பஸாரின் வாலை அறுத்து அவன் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் மண்டியிட்டு, வாயைப் பிரித்து, கொழுப்புத் துண்டை ஈறுக்கு நடுவில் வைத்தாள். வாய் இன்னும் சூடாக இருந்தது. அடுத்த பிறவியில் மனுஷனாகப் பிற என்று காதில் சொல்லவேண்டும். ஷக்தர் காத்திருந்தார். அவள் குனிந்தவள் எதுவும் சொல்லாமல் அவன் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“நீங்க சொல்லுங்க அண்ணே. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான்.”

கிழவர் குனிந்து சொன்னார். பிறகு இருவரும் கற்களைப் பொறுக்கி மூடினார்கள். கற்கள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் காலால் உதைத்துத்தான் பெயர்க்கவேண்டியிருந்தது. அதற்கே மதியம் ஆகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, பாதை திறந்ததாக ஒரு சேதி வந்தது. தம்தின் குதிரையோடு ஒட்டகத்தையும் பிடித்துக்கொண்டு ஊர் மையத்துக்குப் புறப்பட்டான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அந்த நாட்களில் பட்டியை அடைத்ததும் செவெல்மா தன் பங்கு மாவில் கூழ் காய்ச்சினாள். வண்டிச் சக்கரத்தோரம் ஒன்று, கம்பத்தடியில் ஒன்று. கூங்கரைக் கட்டிவைக்கத் தேவையில்லை, ஆனாலும் கட்டிவைத்துத்தான் ஊற்றினாள். சினையாடுகளில் இரண்டு ஆடுகள் குட்டி போட்டன. ஒரு குட்டிதான் பிழைத்து நின்றது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் தம்தின் வந்து சேர்ந்தான். புருவமும் மீசையும் பனியில் வெளுத்து, கிழவனைப்போல இருந்தான். ஒட்டகத்தை மண்டியிடவைத்து மூட்டைகளை இறக்கினான். மகளுக்கு விடுதியில் இருமல், வேறொன்றும் இல்லை, லீவுக்கு ஷக்தரின் தம்பி வண்டியில் அனுப்பிவைப்பார்கள் என்று சொன்னான். மாவு ஒரு மூட்டை. தேயிலைக் கட்டி இரண்டு. அப்புறம் தவிடு, ஒன்றல்ல, மூன்று சின்ன மூட்டை.

செவெல்மா மூட்டைகளைப் பார்த்தாள். நிவாரணம் என்று கொடுக்கிறார்கள், வீட்டில் இருக்கிற உயிருக்குத் தகுந்தாற்போல எழுதிக் கொடுக்கிறார்கள் என்றான் தம்தின். சேணத்தை அவிழ்த்துக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

“நாயி எத்தனைன்னு கேட்டா அந்தப் பொண்ணு. மூணுன்னு சொல்லிட்டேன்.”

அவள் சாய்ந்து கிடந்த மூன்றாவது மூட்டையை நிமிர்த்திவைத்தாள்.

“பொய் சொல்லணும்னு சொல்லல. வாயில அப்படித்தான் வந்துச்சு. எழுதி முடிச்சப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது.”

“சரி, உள்ள வாங்க. உங்களுக்கு மொதல்ல ஊத்தறேன்.”

“வேணாம்” என்றான். “அதுங்களுக்கு வச்சிட்டு வா.”

அவள் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துத் தவிட்டைக் கையில் அள்ளிப் பார்த்தாள். புதுத் தவிடு, புழுக்கை கலக்காதது. பொழுது மேட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.